கோடரிக்காகச் செய்த கைகள்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் அட்லாண்டா என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்துப் பெருநகருக்கும் அதற்கும் பெயர் மட்டும்தான் பொது. ரூட் 66 என்ற பழைய நெடுஞ்சாலையை ஒட்டிய அந்த ஊரில் 19 அடி உயர மனிதன் ஒருவன் பிரமாண்டமான ஹாட் டாக் ஒன்றை ஏந்தி நிற்கிறான். கொஞ்ச நேரம் பார்த்தால் அவன் கைகள் கண்ணை உறுத்தும். வலது உள்ளங்கை வானத்தைப் பார்க்கிறது, இடது உள்ளங்கை தரையைப் பார்க்கிறது. தின்பண்டத்தை யாரும் அப்படிப் பிடிப்பதில்லை. நீண்ட கோடரிக் காம்பை உடலுக்குக் குறுக்கே பிடிப்பவனின் கைகள் அவை. அதே மாநிலத்தில் வில்மிங்டன் என்ற ஊரில் விண்வெளி வீரன் உடையில் நிற்கும் 'ஜெமினி ஜெயண்ட்' சிலைக்கும் கைகள் அப்படியேதான். அவற்றில் இருப்பது ராக்கெட். வேறு ஊர்களில் டயர், எங்கெங்கோ பழுதுபார்க்கும் கடைகளின் முன்னால் வண்டிச் சைலன்சர். இந்தச் சிலைகளுக்கு 'மஃப்ளர் மேன்' என்ற பொதுப்பெயர் வந்தது அந்தச் சைலன்சரால்தான். நாம் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் மஃப்ளரை நினைத்துவிடக் கூடாது, அமெரிக்காவில் சைலன்சருக்கு அதுதான் பெயர். தொப்பி, உடை, தொழில் எல்லாம் மாறியும் கைகள் மாறாததற்குக் காரணம், எல்லாரும் ஒரே அச்சில் பிறந்தவர்கள் என்பதே. ஃபைபர் கிளாஸில் செய்த இந்தப் பிரமாண்டச் சிலைகளைக் காப்பாற்ற அமெரிக்காவில் இப்போது பலரும் அக்கறையோடு பாடுபடுகிறார்கள். அந்த அக்கறை பாதி தூரம்தான் வந்திருக்கிறது என்பது என் கருத்து. சிலையைக் காப்பவர்கள் அச்சையும், அச்சு எடுக்கத் தெரிந்த கையையும் சேர்த்துக் காக்க வேண்டும். இந்தக் கலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

கோடரி யாருடையது என்பதிலிருந்து தொடங்கலாம். பால் பன்யன் அமெரிக்க மரவெட்டிகளின் கதைகளில் வரும் அசுர மனிதன். பாப் பிரூவிட் என்பவர் 1960-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் அவனை ஃபைபரில் செய்தார். அந்த முதல் சிலை அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃபில் சாலையோர உணவகம் ஒன்றில் பல ஆண்டுகள் நின்றது. பிரூவிட்டின் அச்சுகளை வாங்கியவர் படகுத் தொழிலில் இருந்த ஸ்டீவ் டேஷூ. அவருடைய 'இன்டர்நேஷனல் ஃபைபர்கிளாஸ்' நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து வெனிஸில் இயங்கியது. மரவெட்டியின் தாடியை எடுத்துவிட்டால் கடைக்காரன், தலையில் அகலத் தொப்பி வைத்தால் கௌபாய், தலைக்கவசம் மாட்டினால் விண்வெளி வீரன் என்று ஒரே உடலிலிருந்து ஒரு கூட்டத்தையே அந்தப் பட்டறை உண்டாக்கியது. டெக்சகோ பெட்ரோல் நிறுவனத்துக்காக மட்டும் நூற்றுக்கணக்கில் பணியாள் சிலைகள் செய்து கொடுத்தார்கள். அவற்றில் இன்று மிஞ்சியவை விரல்விட்டு எண்ணத் தக்கவை. 1970-களில் பட்டறை ஓய்ந்தது. பன்யனின் அச்சும் அதோடு போயிற்று.

படகு கட்டியவர் சிலைக்கு வந்ததில் வியப்பில்லை. தமிழ்நாட்டுக் கடற்கரையில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதுகூட இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் இருந்த இடத்தில் வரிசை வரிசையாக வந்து நின்ற ஃபைபர் படகும், அந்த மரவெட்டியின் உடம்பும் ஒரே பொருள், ஒரே கைவேலை. உருக்கிய கண்ணாடியை முடியைவிட மெல்லிய இழையாக இழுக்கும் முறை 1930-களில் அமெரிக்காவில் தொழிலாக வளர்ந்தது. அந்த இழையைத் தயாரிக்கும் ஓவன்ஸ் கார்னிங் நிறுவனம் 1938-இல் உருவானது. இழையைப் பாலியெஸ்டர் ரெசினோடு சேர்த்தால் உலோகம் இல்லாமலே விறைப்பான ஓடு கிடைக்கும் என்பது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நன்றாகப் பயன்பட்டது. ரேடார் அலைகளை அது தடுக்காது என்பதால் விமான ரேடார்களுக்கு மூடியாக அதை வைத்தார்கள். போர் முடிந்ததும் அந்த அறிவு படகுப் பட்டறைகளுக்கும் கார் ஆலைகளுக்கும் போனது. 1953-இல் 300 கார்வெட் கார்கள் முழு ஃபைபர் உடலோடு வெளிவந்தன. அடுத்த பத்தாண்டுகளுக்குள் பொருள் மலிந்து, வேலை தெரிந்தவர்கள் பெருகியிருந்தார்கள். நெடுஞ்சாலைகளில் வேகமாகப் போகிறவர்களின் கண்ணில் படக் கடைக்காரர்களுக்குப் பெரிய உருவங்கள் தேவைப்பட்டன. பிரமாண்டச் சிலைகளுக்கு இதைவிட ஏற்ற வேளை இல்லை.

அச்சுக்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் தருவது ஏன் என்பது வேலை நடக்கும் வரிசையைப் பார்த்தால் தெரியும். முதலில் களிமண்ணிலோ செதுக்கிய ஃபோம் கட்டியிலோ முழு அளவில் மூல உருவம் எழும்புகிறது. அதன் மேல்பரப்பை இழைத்து, அடைத்து, மெழுகு பூசுகிறார்கள். மெழுகு ஓர் இடத்தில் விட்டுப்போனாலும் அச்சு அங்கே ஒட்டிக்கொண்டு மூலத்தைப் பிய்த்துவிடும். அடுத்து வருவதுதான் இந்தத் தொழிலின் மிகக் கடினமான தீர்மானம்: அச்சை எத்தனை துண்டாகப் பிரிப்பது, எந்தக் கோட்டில் பிரிப்பது? அக்குள், தாடைக்கு அடி, காதின் பின்புறம், உடையின் மடிப்பு என்று உள்வாங்கும் ஒவ்வொரு இடமும் அச்சைக் கவ்விப் பிடிக்கும். கோடு ஓரங்குலம் தவறான இடத்தில் ஓடினால் வார்த்த பகுதி வெளியே வராது. வந்தாலும் முகத்தின் நடுவே தையல் தெரியும். வேலை தெரிந்தவர் கோட்டை மடிப்பின் நிழலிலும் இடுப்புப் பட்டையின் விளிம்பிலும் மறைத்து ஓட்டுவார். துண்டுகளைச் சேர்த்துப் போல்ட் போட விளிம்புகள் விட வேண்டும், அச்சு முறுக்கிக்கொள்ளாமல் இருக்க முதுகில் சட்டம் கட்ட வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகே சிலை வார்ப்பு. அச்சின் உட்பக்கம் முதலில் ஜெல்கோட் என்ற மேற்பூச்சு, அதன் மேல் கண்ணாடியிழைப் பாய், அதன் மேல் ஹார்டனர் கலந்த ரெசின். உருளையால் காற்றுக்குமிழியை ஒன்று விடாமல் நசுக்கி வெளியேற்ற வேண்டும். ஹார்டனர் கூடினால் ரெசின் தானே சூடேறி வெடிப்பு விடும், குறைந்தால் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். மழைநாளில் ஒரு கணக்கு, வெயில்நாளில் ஒரு கணக்கு. கடைசியில் கழற்றி எடுத்த ஓடுகளை உள்ளிருந்து ஒட்டி, இரும்புச் சட்டம் பொருத்தி, பட்டி பார்த்து, தேய்த்து, வண்ணம் பூசுகிறார்கள். பார்வையாளர் காண்பது வண்ணத்தை. தீர்மானங்கள் எல்லாம் அச்சில் இருக்கின்றன.

உயரம் கூடும்போது இன்னொரு சங்கதி சேர்கிறது. கல்லில் பெரிய சிலை எழுப்புபவரின் கவலை எடையைத் தாங்குவது. ஃபைபரில் எழுப்புபவரின் கவலை அதற்கு நேர் எதிரானது, சிலை காற்றோடு போய்விடாமல் பிடித்துவைக்க வேண்டும். மின்னசோட்டா மாநிலத்தின் புளூ எர்த் ஊரில் 1979-இல் நிலைநிறுத்தப்பட்ட பச்சை ராட்சதன், பட்டாணி டப்பாக்களின் வணிகச் சின்னம். உயரம் 55.5 அடி, எடை சுமார் 3,600 கிலோ. ஐந்து மாடி உயரத்துக்கு இரண்டு மூன்று கார்களின் எடைதான். விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 144 கிலோமீட்டரில் வீசும் காற்று ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறக்குறைய 100 கிலோ எடைக்கு ஈடான அழுத்தம் தரும். அத்தனை பெரிய உருவத்தின் முன்பரப்பை 60 சதுர மீட்டர் என்று குறைவாக வைத்துக்கொண்டாலும், தள்ளும் விசை சிலையின் சொந்த எடையைவிடக் கூடுதலாகி விடுகிறது. காற்றின் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். ஆகவே சிலையின் பாதத்துக்குக் கீழே புதையும் கான்கிரீட்டும், உள்ளே ஓடும் எஃகும், எஃகு ஓட்டோடு சேரும் இணைப்பும்தான் அவனை நிற்க வைக்கின்றன. அந்த இணைப்பை எங்கே வைப்பது என்பதும் அச்சு பிரிக்கும்போதே முடிவாகிற விஷயம். புளூ எர்த் சிலையைச் செய்தவர்கள் விஸ்கான்சின் மாநிலம் ஸ்பார்ட்டா ஊரின் பட்டறைக்காரர்கள். அதே மாநிலத்தின் ஹேவர்டு ஊர் மீன்பிடி அருங்காட்சியகத்தில் 143 அடி நீளத்துக்குக் கிடக்கும் மஸ்கி மீனும் 1970-களில் அதே கைகளில் உருவானதுதான். நாலரை மாடி உயரம் அது. வயிற்றுக்குள் காட்சிக்கூடம், திறந்த வாய்க்குள் ஆட்கள் நின்று ஊரைப் பார்க்கும் மேடை. சிலை கட்டடமாகவே ஆகிவிட்ட இடம்.

அச்சில் வந்தது அசல் ஆகுமா என்று கேட்கலாம். தமிழருக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகவே எழும். சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து, மேலே வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். பிறகு மண்கூட்டை உடைத்தால்தான் சிலை வெளிவரும். அச்சு ஒரே ஒரு பிறப்புக்காக இருந்து அழிகிறது. அதனால் ஒவ்வொரு விக்கிரகமும் தனி. அந்தக் கண்ணோடு பார்க்கும்போது ஒரே மாதிரி நூறு மரவெட்டிகள் மதிப்புக் குறைந்தவையாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் தனித்தன்மை கலையின் ஒரே அளவுகோல் என்று எங்கும் இருந்ததில்லை. பிரெஞ்சுச் சிற்பி ரோதானின் வெண்கலச் சிலைகள் அச்சிலிருந்து பலமுறை வார்க்கப்பட்டவை. ஒரு சிற்பத்துக்குப் பன்னிரண்டு வார்ப்புகள் வரை அசல் என்றே பிரெஞ்சுச் சட்டம் ஏற்கிறது. ரோதான் தம் படைப்புகளையும் உரிமைகளையும் 1916-இல் அரசுக்குக் கொடுத்தபோது அவற்றோடு சேர்ந்து வந்த பிளாஸ்டர் மூலங்களை அவர் பெயரிலான அருங்காட்சியகம் பொக்கிஷமாகக் காக்கிறது. மூலமும் அச்சும் இருப்பதால்தான் எந்த வார்ப்பு முந்தியது, எதில் கை பட்டிருக்கிறது, எது போலி என்று ஆராய முடிகிறது. ஃபைபரில் நிலைமை தலைகீழ். வார்ப்புகளுக்கு ஏலத்தில் விலை ஏறுகிறது, அச்சுகளை யாரும் கேட்பதில்லை. 2024 மார்ச்சில் ஜெமினி ஜெயண்ட் 2,75,000 டாலருக்குப் போனது. வாங்கியது ஜோலியட் வட்டார வரலாற்று அருங்காட்சியகம். வில்மிங்டன் ஊரிலேயே பூங்கா ஒன்றில் அதை மீண்டும் நிறுத்தினார்கள். ஊரின் உடைமையை ஊருக்கே திருப்பிய அந்தச் செயல் மனதாரப் பாராட்டத்தக்கது. அதே ஆண்டில் அட்லாண்டாவில் இவ்வகைச் சிலைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் திறந்தது. ஆனால் ஜெமினி ஜெயண்டின் விரல் நாளை உடைந்தால், மிஞ்சியிருக்கும் இன்னொரு சிலையின் கையிலிருந்து புதிதாக அச்சு எடுத்துத்தான் ஒட்டவைக்க வேண்டும். வார்ப்பிலிருந்து அச்சு, அந்த அச்சிலிருந்து மறு வார்ப்பு என்று போகப் போக விளிம்புகள் மழுங்கும், பல அடுக்கு வண்ணத்தின் தடிமனும் உருவத்தில் ஏறிக்கொள்ளும்.

அடுத்த ஆட்சேபம் இன்னும் கடுமையானது. இவை விளம்பரப் பலகைகள்தானே, வியாபாரம் முடிந்ததும் போக வேண்டியவை, இவற்றுக்கு மரபுச் சின்ன மரியாதை எதற்கு என்பார்கள். இதற்கு அமெரிக்கா ஏற்கெனவே ஒரு பதில் சொல்லியிருக்கிறது. மின்னசோட்டாவின் பெமிட்ஜி ஊரில் 1937-இல் சுற்றுலாக்காரர்களைக் கவர எழுப்பிய 18 அடி பால் பன்யனும் அவன் நீலக் காளையும் 1988 முதல் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் இருக்கின்றன. அவை ஃபைபருக்கு முந்தியவை, நோக்கம் அப்பட்டமான விளம்பரம். ஊர்க்காரர்கள் இரண்டு தலைமுறையாக அவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டதில் விளம்பரம் உதிர்ந்து ஊரின் முகம் மிஞ்சியது. ஆனால் இந்த வாதத்தில் மட்டும் நான் நிறைவடையவில்லை. காலம் கடந்ததாலேயே ஒன்று கலையாகிவிடாது. இந்தப் பொருளுக்குள் கலை இருக்கிறது என்பதற்குச் சான்று சிற்பி லூயிஸ் ஹிமெனெஸ். டெக்சஸின் எல் பாசோவில் நியான் விளம்பரப் பலகை செய்யும் தந்தையின் பட்டறையில் தொழில் பழகியவர் அவர். வெண்கலமும் சலவைக்கல்லும் மேன்மக்களின் பொருள் என்றிருந்த காலத்தில், சாலையோரச் சிலைகளின் ஃபைபரையும் கார்களின் பளபளப்பான வண்ணப் பூச்சையும் தெரிந்தே தேர்ந்தெடுத்தார். மெக்சிக்க உழைப்பாளிகளையும் மாட்டிடையர்களையும் எல்லை கடப்பவர்களையும் அந்தப் பொருளிலேயே நிமிர்த்தினார். அவருடைய 'வகேரோ' என்ற குதிரை வீரன் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தின் வாசலில் துள்ளி நிற்கிறான். டென்வர் விமான நிலையத்தில் 32 அடி உயரத்துக்கு எழும் நீலக் குதிரையின் கண்கள் இரவில் சிவப்பாக ஒளிர்வது தந்தையின் நியான் தொழிலுக்கு மகன் செலுத்திய வணக்கம். கேன்சஸ் நகரின் நெல்சன் அட்கின்ஸ் அருங்காட்சியகப் புல்வெளியில் 1994 முதல் இருக்கும் சிற்பிகளான ஓல்டன்பர்க், வான் புரூகன் தம்பதியின் பிரமாண்ட இறகுப்பந்துகளிலும் அலுமினியத்தோடு சேர்ந்திருப்பது இதே ஃபைபர்தான். பட்டறையில் பழகிய அறிவு அருங்காட்சியகப் புல்வெளிக்கு ஏறியிருக்கிறது என்றால், அந்த அறிவின் ஆவணங்களை மட்டும் குப்பை என்று ஒதுக்க எந்த நியாயமும் இல்லை.

எனக்கு மிகவும் கனமாகத் தோன்றும் ஆட்சேபம் கலையைப் பற்றியது அல்ல, மனித உடலைப் பற்றியது. பாலியெஸ்டர் ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவியை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2018-இல் மறுமதிப்பீடு செய்து, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் பட்டியலில் ஒரு படி மேலே வைத்தது. தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் தோலையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும். பெரிய உடல் கொண்ட 'நானா' பெண்ணுருவங்களால் உலகப் புகழ் பெற்ற நிக்கி த சேன்ட் ஃபால், பாலியெஸ்டரோடு வேலை செய்த காலத்தில் பாழான நுரையீரலோடுதான் வாழ்நாளெல்லாம் போராடினார். ஹிமெனெஸ் 2006-இல் தம் பட்டறையில், அதே நீலக் குதிரையின் ஒரு பகுதி மேலே விழுந்து உயிரிழந்தார். குடும்பத்தாரும் உதவியாளர்களும் முடித்துக் கொடுத்து 2008-இல் அது நிறுவப்பட்டது. இறுகிவிட்ட ரெசினை மறுபடி உருக்கவும் முடியாது. பழைய ஃபைபர் படகுகள் கரையோரங்களில் என்ன ஆகின்றன என்று நமக்கும் தெரியும். இதையெல்லாம் எடுத்துவைத்து, இந்தத் தொழிலே ஒழியட்டும் என்று ஒருவர் சொன்னால் அவரிடம் கோபப்பட எனக்கு மனம் வராது. ஆனால் அவர் காட்டும் சான்றுகளே இன்னொரு முடிவுக்கும் வழிவிடுகின்றன. உருக்கி மறுபடி பயன்படுத்த முடியாத பொருள் என்றால், ஏற்கெனவே இருப்பதை நூறாண்டுக்கு நீட்டிப்பதுதான் மண்ணுக்கு நல்லது. வெயிலில் வெளுத்த ஜெல்கோட்டைப் புதுப்பித்து, விரிசலை உள்ளிருந்து அடைத்து, துருவேறிய சட்டத்தை மாற்றினால் ஒரு சிலை இன்னொரு தலைமுறைக்கு நிற்கும். அந்த வேலைக்கு முகக்கவசமும் காற்றோட்டமும் கட்டாயம் என்பதில் சமரசம் இல்லை. சுளுவாகப் பழுது பார்க்க அச்சு வேண்டும். அச்சு இல்லாத சிலையின் முகம் நொறுங்கினால், மூலத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்கி முன்னைவிட அதிக ரெசினைச் செலவிட நேரிடும்.

கடைசியாக, காலம் மாறிவிட்டது என்ற வாதம். சிலையை லேசர் கருவியால் முப்பரிமாணமாக அளந்து கணினியில் வைத்துக்கொள்ளலாம், வேண்டும்போது இயந்திரம் ஃபோமைச் செதுக்கிக் கொடுத்துவிடும், பழைய அச்சுக்கு என்ன தேவை என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. மூல உருவம் செய்யும் வாரக்கணக்கான உழைப்பை இயந்திரம் நாள்கணக்கில் முடிக்கிறது. இருக்கிற சிலைகளை எல்லாம் அளந்து வைப்பது உடனே செய்ய வேண்டிய நல்ல காரியமும்கூட. ஆனாலும் அளவெடுக்கும் கருவி பார்ப்பது மேல்தோலை மட்டும். எந்தக் கோட்டில் பிரித்தார்கள், விளிம்பை எவ்வளவு விட்டார்கள், எந்த இடத்தில் அச்சு உடைந்து ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது, மரவெட்டியின் தலையைக் கழற்றி வேறு தலை பூட்டக் கழுத்தில் என்ன ஏற்பாடு இருந்தது என்பதெல்லாம் தோலுக்கு அடியில் இருப்பவை. அவற்றை அச்சு சொல்லும், இல்லாவிட்டால் அச்சோடு வேலை செய்த ஆள் சொல்ல வேண்டும். இயந்திரம் செதுக்கிய ஃபோமுக்கும் அச்சைப் பிரிக்கும் கோடு போட ஒரு ஆள் தேவைப்படத்தான் செய்கிறது.

ஸ்பார்ட்டாவில் இன்று அந்தத் தொழிலைத் தொடரும் பட்டறைக்குப் பின்னால் ஒரு புல்வெளி இருக்கிறது. பல பத்தாண்டுகளாக வார்த்த உருவங்களின் அச்சுகள் அங்கே திறந்தவெளியில் கிடக்கின்றன. மீன், யானை, நாய், பூதம் எல்லாம் உள்ளும் புறமும் மாறி, பாதிப் பாதியாக, வெயிலுக்கும் பனிக்கும் முகம் காட்டிக் கிடக்கும். வாடிக்கையாளர் மறுபடி கேட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்று பட்டறைக்காரர்கள் அவற்றைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள். பெரிய பணமோ அரசு உதவியோ எதிர்பார்க்காமல் ஒரு தொழில் தன் நினைவைத் தானே வைத்திருக்கும் விதம் அது. பார்க்கவும் படம் எடுக்கவும் ஆட்கள் வருகிறார்கள். சிலைக்கு 2,75,000 டாலர் கொடுக்க ஒரு நாட்டில் மனமிருக்கிறது என்றால் அதில் ஒரு சிறு பங்கு போதும்: அச்சுகளைத் தரையிலிருந்து உயர்த்தி வைக்க ஒரு கூரைக் கொட்டகை, எந்த அச்சு எந்த ஊருக்கு எந்த ஆண்டில் வார்த்தது என்று எழுதிவைக்க ஒரு பதிவேடு, அதை நிரப்பப் பழைய தொழிலாளர்களோடு உட்கார்ந்து கேட்டு எழுதுகிற ஒருவருக்குச் சம்பளம். 1970-களில் வெனிஸில் பன்யனின் அச்சுக்கு இதைச் செய்ய யாரும் இல்லை. ஸ்பார்ட்டாவின் புல்வெளியில் செய்வதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.